பிரிக்காத பெட்டி

சமைக்கிறவளுக்கு எதற்கு இந்தப் போலீஸ் வேலை என்று என்னைக் கேட்காத பயணி கிடையாது. எங்கள் 'கரோரோ' சின்னக் கப்பல். பயணிகள் முப்பது பேர், வேலைக்கு ஒன்பது பேர். அதனால் ஆளுக்கு இரண்டு வேலை. கேப்டன் லாக்லன் சுக்கானும் பிடிப்பார், கழிப்பறை அடைத்துக்கொண்டால் குழாயும் பிடிப்பார். நான் பிரிஹிரா, கூப்பிடுவது பிரி. மூன்று வேளை சமைக்கிறேன். தெற்குத் தீவுகளில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய பையையும் பூட்ஸையும், சட்டைப்பையின் தையல் ஓரம் உட்பட, நான்தான் சோதிக்கிறேன். வெளியூர்ப் புல்விதை ஒன்று, எறும்பு ஒன்று அங்கே போய்விடக் கூடாது. ஒரு கையில் வாக்குவம் கிளீனர், மறு கையில் இடுக்கி. என் முதுகுக்குப் பின்னால் 'விதைப் போலீஸ்' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இந்தத் தடவை புறப்படுகிற அன்றைக்கே வம்பு ஒரு தொப்பியில் ஆரம்பித்தது. கோர் ஊரிலிருந்து வந்த வெரோனா டுல்லோக் என்கிற அம்மாள், எழுபது வயது, முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். தலையில் கம்பளித் தொப்பி. அதன் உச்சியில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு குஞ்சம். குஞ்சத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அவள் தோட்டமே இருக்கிறது.

"இது முள்ளு விதை. இது புல்லு. இது என்னன்னு எனக்கே தெரியல" என்றேன், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி.

"எடுத்துட்டியில்ல? கொடு."

"எடுக்க எடுக்க வருது, வெரோனாக்கா. தலை வரலாம். குஞ்சம் வரக் கூடாது."

"என் கையால பின்னினது! அது என் தலையில ஏறினப்ப நீ பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டே."

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரே வெட்டு. அவள் முகம் சிவந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன். சட்டம் என்றால் சட்டம் என்று காட்டிவிட்ட பெருமை.

அது நடந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கயிறு அவிழ்க்கிற சமயத்தில் என் தங்கை குயினி பிளஃப் துறைமுகப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அக்கா, டீட்டி! இந்த வருஷத்துப் பறவை. நல்லா உப்புப் புடிச்சிருக்கு. வாளி கவுந்துடாம சாக்கு வச்சு அடைச்சிருக்கேன்."

"இப்பவா கொண்டு வருவே? கப்பல் ஏணியை எடுக்கப் போறாங்க."

"வாங்கிக்கோ, பேசாத. கேப்டனுக்கும் கொடு. அவரு மூக்கைப் புடிச்சுக்கிட்டாவது தின்னட்டும்."

வாங்கிக்கொண்டேன். டீட்டி என்றால் எங்கள் பக்கத்துக் கடற்பறவைக் குஞ்சு, பிடித்து உப்புப் போட்டு வாளியில் அடைத்து வைப்போம். அட்டைப்பெட்டி எதுவும் கப்பலேறக் கூடாது என்பது விதி. கரையிலேயே கொட்டகையில் வைத்துப் பிரித்து, சாமானை பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, அட்டையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நான் சத்தம் போட்டுப் போட்டு நடைமுறைக்கு வந்த விதி அது. அன்றைக்கு நான் அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அது எங்கள் வீட்டுப் பெட்டி. எங்கள் கொட்டகையில், என் தங்கை கையால் கட்டியது. ஊரார் சாமானில்தானே அழுக்கு இருக்கும்? நேராகக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சூப்புக்குக் கிழங்கு நறுக்கப் போய்விட்டேன்.

இந்தப் பயணம் எனக்கு மற்ற பயணங்களைப் போல அல்ல. ஆள் குடியில்லாத, கடற்பறவைகள் கூடு கட்டும் கேம்பெல் தீவுக்குப் பதினொரு வருஷமாக இந்தக் கப்பலில் போய் வருகிறேன். ஒரு தடவைகூட அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று அனுமதியிலேயே எண்ணிக்கை இருக்கிறது. சமையல்காரிக்கு இடம் மிஞ்சாது. போனவர்கள் நனைந்து நடுங்கித் திரும்பி வரும்போது சூடாகச் சூப்பு இருக்க வேண்டுமே! இந்த முறை ஒரு பயணி கடைசி நேரத்தில் வரவில்லை. லாக்லன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று சொன்னார்: "அந்த இடத்துல உன் பேரை எழுதிட்டேன். சூப்பை முன்னாடியே வச்சு மூடிட்டுக் கடைசிப் படகுல ஏறிடு. ரெண்டு மணி நேரம். பலகைப் பாதையில மேல வரைக்கும் போயிட்டு வா."

நான் திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "சரி" என்றேன். வெங்காயம் நல்ல சாக்கு.

அங்கே நான் பார்க்க வேண்டியது பறவையை மட்டுமல்ல. என் அப்பா தியோனே அந்தத் தீவில் எலி ஒழிக்கப் போனவர்களில் ஒருவர். ஒரு குளிர்காலம் முழுக்கச் சேற்றில் நின்று ஹெலிகாப்டருக்கு மருந்து நிரப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, எங்கேயாவது ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க நாய்களோடு மறுபடியும் போனார்கள். வாரக்கணக்கில் நடந்தார்கள். அப்பா வீடு திரும்பிய அன்று அம்மா மீன் வறுத்து வைத்திருந்தாள். "இத்தனை நாள் தேடினீங்களே, என்ன கெடைச்சுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். நானும் குயினியும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் எங்கள் வீட்டில் அதுதான் நல்ல செய்திக்கான சொல். பரீட்சையில் தேறினாலும் "ஒண்ணுமில்ல", பிள்ளை பிறந்தாலும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரிப்போம். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஒருநாள் அந்த ஒண்ணுமில்லாத இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்குக் கிடையாது.

இரண்டாம் நாள் காலை கடல் அமைதியாக இருந்தது. அந்தப் பக்கக் கடலில் அது அதிசயம். மதியத்துக்குள் தீவு கண்ணில் படும் என்று லாக்லன் சொல்லியிருந்தார். நான் என் பூட்ஸை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக் கழுவிக் கதவருகே வைத்திருந்தேன். கஞ்சி வைக்க ஓட்ஸ் டப்பாவை இழுத்தபோது பின்னாலிருந்த தட்டில் ஐந்தாறு கறுப்பு மணிகள் கிடந்தன. கருஞ்சீரகம் மாதிரி.

கருஞ்சீரகம் என் சமையல்கட்டில் கிடையாது.

தேயிலைத் தூளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கருகிய ரொட்டித் துகளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். விரல் நுனியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பதினொரு வருஷமாக ஊராருக்குப் படம் காட்டி இதைத்தான் பாடம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? குயினியின் பெட்டியை வெளியே இழுத்தேன். டீட்டி வாளி மூடி கெட்டியாகத்தான் இருந்தது. பெட்டியின் மூலையில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே சாக்கு நார் நாராகக் கடிபட்டு வட்டமாக, மெத்தை போலக் கிடந்தது. கை வைத்தேன். லேசாகச் சூடு இருந்தது போலத் தோன்றியது. என் பிரமையாகக்கூட இருக்கலாம்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. பெட்டியைக் கடலில் வீசலாம். நானே ரகசியமாகப் பொறி வைக்கலாம். கப்பல் கரையோரம் போகாது, ரப்பர் படகில்தான் போவார்கள், ஒரு சுண்டெலி படகேறிப் போகுமா என்ன? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் படகில் ஏறும் பைகள் அத்தனையும் என் சமையல்கட்டுக்கு அடுத்த அறையில்தான் அடுக்கியிருந்தன. மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களும் என் மேஜையிலிருந்துதான் போகும். சுண்டெலி போய்ச் சேர்ந்த ஒரு தீவின் வீடியோப் படத்தை அப்பா ஒருமுறை காட்டியிருக்கிறார். ஆல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவையின் குஞ்சு, வாத்தைவிடப் பெரியது, கூட்டில் உட்கார்ந்தபடியே இருக்கிறது. சுண்டெலிகள் அதன் முதுகைத் தின்கின்றன. அது எழுந்து ஓடுவதில்லை. ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்தப் படத்தை அன்றைக்கு நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

எழுந்து அடுப்பை அணைத்தேன். கறுப்பு மணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு சுக்கான் அறைக்குப் போனேன்.

லாக்லன் கிண்ணத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கே இருந்துச்சு?"

"என் அலமாரியில. என் பெட்டியில வந்துச்சு. குயினி கொடுத்த டீட்டிப் பெட்டி. நான் பிரிச்சுப் பாக்கல, கேப்டன்."

"நீயா பிரிச்சுப் பாக்கல?"

"நான்தான்."

அவர் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். "இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"இப்ப ரெண்டு பேருக்கு."

"பிரி, இந்த இடத்துல ஒரு மனுஷன் இன்னொரு கேள்வி கேப்பான்."

"கேக்காதீங்க. கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன்."

அவர் கேட்கவில்லை. கப்பலின் வேகத்தைக் குறைத்தார். வயர்லெஸ்ஸை எடுத்து, தீவுகளுக்குப் பொறுப்பான இலாகாவுக்கு விஷயத்தைச் சொன்னார். பொறி வையுங்கள், கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியே நில்லுங்கள், யாரும் இறங்கக் கூடாது என்று பதில் வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி அவர் சொன்னபோது யார் பெட்டி என்று சொல்லவில்லை. "ஒரு சுண்டெலிக்கா?" என்று ஒருவர் கேட்டார். "எப்படி ஏறுச்சு? யாரு சோதிச்சது?" என்று இன்னொருவர். லாக்லன் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன்.

"என் பெட்டியில வந்துச்சு. சொந்தப் பெட்டி. சோதிக்கல."

வெரோனா டுல்லோக் மெதுவாக எழுந்தாள். குஞ்சமில்லாத தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என் தொப்பியை அறுத்தியே, உன் பெட்டியைத் திறந்தியா?"

நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் முதல் அலமாரியைத் திறந்தேன்.

அன்று முழுக்கச் சமையல்கட்டைக் காலி செய்தேன். மாவு, அரிசி, பருப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் மேல்தளத்துக்கு ஏற்றி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெட்டியையும் சாக்கையும் குப்பை எரிக்கிற அடுப்பில் போட்டேன். பொறிகளில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வெரோனா.

"அங்க வச்சா மாட்டாது."

"அக்கா, எனக்கு இப்ப திட்டு வாங்கத் தெம்பில்ல."

"திட்ட வரல. முப்பது வருஷம் பஸ்ஸு. பசங்க சீட்டுக்கு அடியில தின்னதைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. எலி நடுவுல ஓடாது, செவத்தை ஒட்டியே ஓடும். நகரு." முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மாவு வைக்கிற பெரிய டப்பாவின் பின்பக்கம் சுவரோரமாக ஒரு பொறியைத் தள்ளினாள். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள். "சரி, இன்னிக்குச் சாப்பாடு உண்டா, இல்ல அதையும் சோதிச்சுட்டுத்தான் போடுவியா?"

சீஸ் ரோல் சுட்டுப் போட்டேன். ஆளுக்கு மூன்று. ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, ஒருவரும் மிச்சம் வைக்கவுமில்லை.

மறுநாள் காலை வெரோனா வைத்த பொறியில் அது விழுந்திருந்தது. என் கட்டைவிரல் நீளம்தான். லாக்லன் பென்சில் நுனியால் அதைப் புரட்டினார். வயிறு உருண்டையாக இருந்தது.

"சினை" என்றார்.

ஒன்றே போதும் என்று அப்பா சொல்லுவார். வயிற்றில் குட்டியோடு ஒன்று கரையேறினால் போதும், அத்தனை வருஷ உழைப்பும் போச்சு. சினைச் சுண்டெலி ஒன்று, என் கையால் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பாவின் தீவுக்குப் போயிருக்கும்.

அதற்கப்புறம் பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பயணத்தில் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது என்று இலாகா சொல்லிவிட்டது. லாக்லன் எல்லாரிடமும் வந்து சொன்னார்: "வடக்கே திரும்பி, மலைகளுக்கு நடுவுல கடல் உள்ள புகுந்திருக்கிற ஃபியோர்டுப் பக்கம் போறோம். மலை இருக்கு, அருவி இருக்கு, கப்பல்ல இருந்தே பாக்கலாம். கரையில எலியும் ஏற்கெனவே இருக்கு. நம்மள ஒண்ணும் சொல்லாதுங்க." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதுவே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

திரும்புவதற்கு முன்னால் மேகம் விலகியது. நான் சமையல்கட்டிலேயே இருந்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெரோனா வந்து கதவைத் தட்டினாள். "வெளியில வா."

"பாத்திரம் கெடக்கு."

"பாத்திரம் எங்கேயும் ஓடாது. வாடீ."

முன்தளத்தில் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கேம்பெல் தீவு. பழுப்பும் பச்சையுமாக, மரமே இல்லாத சரிவு. மேலே போகிற பலகைப் பாதை அங்கிருந்து தெரியாது. ஆனாலும் எந்தச் சரிவில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், வரைபடத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! சரிவில் உப்புக்கல் சிதறின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் கூட்டில் உட்கார்ந்திருக்கும் ஆல்பட்ராஸ். ஒன்று தீவிலிருந்து புறப்பட்டு எங்களை நோக்கி வந்தது. இறக்கையை ஒருமுறைகூட அடிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே தாழ்வாக வந்து, கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"உங்க அப்பா அங்க எலி ஒழிக்கப் போனவராமே, கேப்டன் சொன்னாரு" என்றாள் வெரோனா.

"ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? நான் அந்தப் பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்."

"பேசினது சரிதான், அக்கா."

"சரிதான். இருந்தாலும்..." என்று இழுத்துவிட்டு, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டாள். "குஞ்சம் இல்லாமத் தலை குளுருது. உன்னாலதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கப்பல் திரும்பியது. தீவு முதலில் இடப்பக்கம் போனது, அப்புறம் பின்பக்கம் போனது. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஃபியோர்டில் ஐந்து நாள். மழை பெய்தது, அருவி விழுந்தது, டால்பின் வந்தது. பயணிகள் மெல்ல மெல்ல மனம் தேறினார்கள். நான் தினமும் காலையில் எல்லாப் பொறியையும் பார்த்து, சுவரில் தொங்கிய அட்டையில் எழுதினேன்: ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஐந்து நாளும் அதேதான்.

பிளஃப் வந்து சேர்ந்தபோது குயினி பாலத்தில் நின்றிருந்தாள். அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கொட்டகையைக் கூட்டினியா, சாக்கை உதறினியா, கண்ணு எங்கே போச்சு? ஆனால் பெட்டியைப் பிரிக்க வேண்டியவள் அவளில்லை.

"என்னக்கா, போனியா? அப்பா தீவைப் பாத்தியா? மேல வரைக்கும் ஏறினியா?" கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள்.

"கால் வைக்கல, குயினி. உன் பெட்டியில சுண்டெலி இருந்துச்சு. சினை. நான் பிரிச்சுப் பாக்கல. தீவுக்குப் போறதுக்கு முன்னாடியே புடிச்சுட்டோம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அக்கா. அங்க... அங்க ஏதாவது போயிடுச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது. அன்றைக்கு மீன் தட்டுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும்தானே உட்கார்ந்திருந்தோம். என் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. நான் எடுக்கவில்லை. பாலத்தின் நடுவில், பயணிகள் எல்லாரும் பெட்டியும் கையுமாக இறங்கி வருகிற வழியில் நின்று, அப்பா அழுதது போலவே அழுதேன். வெரோனா டுல்லோக் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கில் குனிந்து, விழுந்த பையை எடுத்துக் குயினியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.